பதினெட்டு அடி நாலு அங்குலம்

மிஸ் இப்போது கனடாவில், தங்கச்சி வீட்டில். நல்ல சுகமாக இருக்கிறார் என்று வெள்ளவத்தையில் அவர் இருந்த பிளாட்டைக் காவல் காக்கிற வோச்சர் சொன்னார். நான் காணவில்லை.

இப்படிச் சொல்லப் பழகியதே அவரிடமிருந்துதான். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அவருடைய ஐ.சி.யை, அடையாள அட்டையை, நானே எத்தனையோ தரம் போட்டோகொப்பி எடுத்திருக்கிறேன். ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் அவர் 'போம் மிஸ்'தான். போம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்புகிற மிஸ். வேறு பெயர் சொல்லித் தேடினால் ஒருவருக்கும் விளங்காது.

கொட்டாஞ்சேனையில் பஸ் தரிப்புக்குப் பக்கத்து ஒழுங்கையில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, லமினேட்டிங், ரீலோட், அவ்வளவுதான். கடையின் மூலையில் ஒரு மேசை. பதினோரு வருஷம் அந்த மேசையில் மிஸ் இருந்தார். இப்போது அதில் சிம் விற்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. மிஸ்ஸின் வேலை, முகத்துவாரத்து ஆட்களின் மீன்பிடி வள்ளங்களை அரசாங்கத்தில் பதிகிற பேப்பர் வேலை. வள்ளம் செய்த இடத்து ரிசீட், எஞ்சின் நம்பர், நீளம், அகலம், நிறம், சொந்தக்காரர் யார், ஓட்டுகிறவர் யார், எல்லாம் போமில் எழுத வேண்டும். எழுதினால் பரிசோதகர் மாத்தையா, சிங்கள ஐயா, வந்து பார்ப்பார். பிறகு நம்பர் கிடைக்கும். அந்த நம்பரை வள்ளத்தின் அணியத்தில், மூக்குப் பக்கம், பெயின்ட்டால் எழுதினால்தான் அது வள்ளம். இல்லாவிட்டால் அரசாங்கத்துக்கு அது வெறும் பிளாஸ்டிக்.

இந்த வேலையை அந்தத் தெருவில் வேறு ஆட்களும் செய்தார்கள். ரிசீட்டைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் நிரப்பிக் கொடுப்பார்கள். மிஸ்ஸுக்கு அது ஆகாது. "ரிசீட் எழுதினவன் அளந்தவனோ? நான் காணேல்லை" என்பார். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுப்பார். யாழ்ப்பாணத்துச் சேலைக்கட்டு, காலில் வெள்ளை ரப்பர் செருப்பு, குடை. அப்படியே பஸ் ஏறி முகத்துவாரக் கரைக்குப் போய், மீன் செதிலும் வலைத் துண்டும் கிடக்கிற மணலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வள்ளத்தைத் தானே அளப்பார். நாடாவின் நுனியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கடையில் வேலை இல்லாத நாளில் அந்த ஆள் நான்.

"பிள்ளை, நுனியை இழுத்துப் பிடியும். தொய்யுது."

"தொய்யல்ல மிஸ்."

"நான் காணுறன். தொய்யுது."

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவருக்கு நான் பிள்ளை. வாய் நீளமான பிள்ளை என்று வேறு சொல்வார். அது உண்மைதான், என் வாய்க்கு நானே பொறுப்பு.

ஒருநாள் வெளியே மழை கொட்டுகிறது, கூரையில் தகரம் அதிர்கிறது. போனில் யாரோ அந்தப் பக்கம் மழையா என்று மிஸ்ஸிடம் கேட்டார்கள். "சத்தம் கேக்குது. பொறுங்கோ" என்று எழும்பிப் போய், வாசலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஓம், மழைதான்" என்றார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் மெஷினுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முகத்துவாரத்து ஆண்கள் அவரைப் பகிடி பண்ணுவார்கள். "மிஸ், என்ட பொஞ்சாதியையும் ஒருக்கா அளந்து எழுதுங்க. கலியாணத்தப்போ சொன்ன அளவு இப்ப இல்ல."

"கூட்டிக்கொண்டு வாங்கோ. கண்டால் எழுதுவன்."

அந்த மனிசி மெய்யாகவே அடுத்தநாள் கடைக்கு வந்து, புருஷன் என்ன சொன்னான் என்று கேட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவன் மிஸ்ஸோடு பகிடி விடுவதில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வள்ளம் செய்கிறவர்கள் பின்பக்கத்தில், எஞ்சின் பூட்டுகிற பலகைக்குக் கீழே, நம்பர் அடித்த ஒரு சின்ன அலுமினியத் தகட்டைப் பதித்துவிடுவார்கள். மற்றவர்கள் அந்த நம்பரைப் பார்த்து எழுதுவார்கள், அல்லது போனில் கேட்டு எழுதுவார்கள். மிஸ் தகட்டின்மேல் மெல்லிய பேப்பரை வைத்து, பென்சிலைச் சரித்துத் தேய்ப்பார். எண்கள் பேப்பரில் வெள்ளையாக எழும்பி வரும். எஞ்சினுக்கும் அப்படியே. ஒருதரம் ஒருவரின் எஞ்சின் பழுதாகிக் கொலன்னாவையில் ஒரு கராஜில் கிடந்தது. நம்பர் தெரியும், புத்தகத்தில் இருக்கிறது, எழுதுங்கள் என்று அவர் கெஞ்சினார். வள்ளத்துக்குப் பதிவு இருந்தால்தான் மண்ணெண்ணெய் தருவார்கள் என்று எல்லாரும் வரிசையில் நின்று காய்ந்த வருஷம் அது. மிஸ் எழுதவில்லை. இரண்டு பஸ் மாறிக் கொலன்னாவைக்குப் போய், கிரீஸில் கிடந்த எஞ்சினைத் தேய்த்துக்கொண்டு வந்தார். புத்தகத்தில் இருந்த நம்பரில் ஓர் எண் பிழை. அந்த மனிதர் நன்றி சொல்லவில்லை. ஒரு கிழமை, ஏழு நாள், தொழில் போச்சு என்று முணுமுணுத்தார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

எங்கள் வள்ளமும் அதே வருஷம்தான் பதியப்பட்டது. அதுவரைக்கும் அப்பா கடலுக்குப் போன காலம் முழுக்க எங்கள் வீட்டில் எந்த வள்ளத்துக்கும் பேப்பர் இருந்ததில்லை. சாகிறதுக்கு முந்தின வருஷம் அப்பா புது ஃபைபர் வள்ளம் ஒன்று செய்வித்தார். "போட் அக்காவுக்கு, கடல் தம்பிக்கு" என்றார். அதாவது வள்ளம் எனக்குச் சீதனம். நான் கலியாணம் கட்டும்வரைக்கும் தம்பி ரொசான் அதில் தொழில் செய்வான். எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நான் கலியாணம் கட்டவில்லை. தம்பி கட்டினான், ஒரு மகளும் பிறந்தாள், சீதனம் கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ரொசானைக் கடையில் மிஸ்ஸுக்கு முன்னால் இருத்தினேன். சொந்தக்காரர் யார் என்று மிஸ் கேட்டார்.

"அக்கா" என்றான், யோசிக்காமல்.

"டேய், உன்ட பேரைப் போடு. ஓட்டுறது நீ" என்றேன்.

"அப்பா சொன்னது அக்காவுக்கு. அதை மாத்த ஏலாது."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பா சொன்னதை நான் காணேல்லை."

அம்மாவும் ரொசானும் சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்துக் கடிதம் கொண்டுவந்த பிறகுதான் என் பெயரை எழுதினார். 'இயக்குபவர்' என்ற இடத்தை எல்லாரும் வெறுமையாக விடுவார்கள். ஒரு நாள் தொழிலுக்குப் போய் வருகிற சின்ன வள்ளத்துக்கு அது யாருக்குத் தேவை. ரொசானும் விடச் சொன்னான். மிஸ் விடவில்லை. "கடலுக்குப் போறது ஆர்? நீர்தானே? அப்ப எழுதும். நான் பார்த்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். அவன் நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

பின்னேரம் கரையில் அளந்தபோது நுனியைப் பிடித்தது ரொசான். "மிஸ், மூக்கைப் புடிச்சிட்டன், ஓடாது" என்றான். ரிசீட்டில் பதினெட்டரை அடி என்று இருந்தது. மிஸ்ஸின் நாடாவில் பதினெட்டு அடி நாலு அங்குலம். பின்பக்க அகலம் நாலு அடி ஏழரை அங்குலம். "ரெண்டு அங்குலத்தைக் களவெடுத்துட்டானுகள் அக்கா" என்று ரொசான் சிரித்தான். மிஸ் தகட்டைத் தேய்த்தார். நம்பரில் இருந்த நாலுக்கு ஒரு கால் இல்லை, அடித்த அச்சு உடைந்திருக்க வேண்டும். அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழியில், இந்த மனிசிக்கு மூளை பிசகி அறளை பெயர்ந்துவிட்டது என்று நான் தம்பியிடம் சொன்னேன். "இல்லக்கா, நல்ல மனிசி. என்ட பேரை இதுக்கு முந்தி யாரும் அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கல" என்றான்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஓர் ஆனி மாதம், ரொசான் விடியமுன் கடலுக்குப் போனான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். தனியே போனான். நான் நித்திரை. பத்து மணிக்குக் காற்று மாறியது. பின்னேரம் மற்ற வள்ளங்கள் வந்தன.

மூன்று நாள் முகத்துவாரத்து ஆட்கள் தேடினார்கள். கடற்படைக்கும் அறிவித்தார்கள், அவர்களும் தேடினார்கள். நான் அந்த மூன்று நாளும் கடை திறந்தேன். ஏன் திறந்தாய் என்று பிறகு அம்மா கேட்டார். தெரியவில்லை. யாரோ ஒருவர் பிறப்புச் சான்றிதழில் மூன்று கொப்பி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். ஒருவருடைய ஐ.சி.யை லமினேட் செய்தேன். பசிக்கவில்லை, அழுகையும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லை போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. மிஸ் தன் மேசையில் இருந்தார். மத்தியானம் தன் இடியப்பப் பார்சலில் பாதியை என் பக்கம் தள்ளி வைத்தார். நான் தொடவில்லை. அடுத்த நாளும் தள்ளி வைத்தார்.

நாலு மாதம் போனது. மச்சாளுக்கு, ரொசானின் மனைவிக்கு, உதவிப் பணம் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். வள்ளம் கடலில் போனதற்குப் பேப்பர் எங்கே? அரசாங்கப் புத்தகத்தில் எங்கள் வள்ளம் இன்னும் முகத்துவாரக் கரையில் நல்லபடி நிற்கிறது. சொந்தக்காரி கொட்டாஞ்சேனையில் சுகமாகக் கடை நடத்துகிறாள். அந்தப் பதிவை நீக்கினால்தான் மச்சாளின் எந்தப் பேப்பரும் நகரும். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படி ஏறி இறங்கினாள். நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியது சொந்தக்காரி. நான்.

அந்தப் போமை மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். நீக்குவதற்குக் காரணம் என்று மூன்று பெட்டி. விற்றது. உடைத்தது. கடலில் அழிந்தது.

"மூண்டாவதில அடையாளம் போடுங்க மிஸ்."

மிஸ் போமை நெடுநேரம் பார்த்தார். "வரேல்லை எண்டு எழுதலாம். அது எனக்குத் தெரியும். அழிஞ்சது எண்டு எப்பிடி எழுதுறது பிள்ளை? நான் காணேல்லை."

"வரேல்லன்னு பெட்டி இல்ல மிஸ்."

"இல்லைத்தான்."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"நான் எழுதமாட்டன்."

அப்போது என் வாய் திறந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கடையில் இரண்டு பேர் நின்றார்கள், ஒன்றையும் பார்க்கவில்லை. "உங்கட நாடாவையும் பென்சிலையும் தூக்கிட்டுப் போங்க. ஒரு குடும்பம் ரோட்டுல நிக்குது, நீங்க காணல்ல காணல்லன்னு கிளிப்பிள்ளை மாதிரி. உங்கட வீட்டுல ஒருத்தர் போயிருந்தா தெரியும்" என்றேன்.

மிஸ் பேனாவின் மூடியைப் போட்டார். கழற்றினார். திரும்பப் போட்டார். அடுத்த நாள் வழமையான பஸ்ஸில் வழமையான நேரத்துக்கு வந்து மேசையில் இருந்தார். நாங்கள் கதைக்கவில்லை. ஆறடி தூரம், ஐந்து கிழமை.

நான் சும்மா இருக்கவில்லை. தெருவில் போம் நிரப்புகிற வேறு ஒருவரிடம் போனேன். பத்து நிமிஷத்தில் எழுதித் தந்தார், அழிந்தது என்ற பெட்டியில் அழகாக அடையாளம் போட்டார். கொண்டுபோய்ப் பரிசோதகர் மாத்தையாவிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், தமிழும் கொஞ்சம் கதைப்பார். தன் புத்தகத்தை விரித்து விரலை வைத்துப் பார்த்தார்.

"இது உங்கட போட் இல்ல தானே. இதில நீளம் பதினெட்டரை. உங்கட போட் பதினெட்டு நாலு."

எழுதியவர் பழைய ரிசீட்டைப் பார்த்து எழுதியிருந்தார். இரண்டு அங்குலம். மாத்தையா போமைத் திருப்பித் தந்துவிட்டு, "இத அந்த மிஸ் எழுதல்லயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அவங்க எழுதினா நான் பாக்கிறதும் இல்ல, கையெழுத்துத்தான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மிஸ்ஸின் பிளாட் ரயில்பாதைப் பக்கம் மூன்றாம் மாடியில். கதவைத் திறந்தவர், "வாரும் பிள்ளை" என்றார், ஐந்து கிழமை கதைக்காதது நடக்காதது போல. இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

ஒரு கதிரை, ஒரு மேசை, சுவர் முழுக்க இரும்பு ராக்கை. அதில் வள்ளம் வள்ளமாகப் பைல்கள். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், ஆனால் கொஞ்சம் தள்ளி, ஒரு பொடியனின் போட்டோ. இருபது வயது இருக்கும். மீசை சரியாக முளைக்கவில்லை. படத்தில் மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கும் இல்லை. தூசி மட்டும் துடைத்திருந்தது.

தேத்தண்ணியோடு வந்தவரிடம் கேட்டேன். "யார் மிஸ்?"

"அண்ணா."

"இருக்கிறாரா?"

மிஸ் கோப்பையை என் கையில் தந்தார். "சண்டைக் காலம், சந்தியில வச்சுப் பிடிச்சுக்கொண்டு போனவங்களாம். ஆக்கள் சொன்னவை. பிறகு கன பேர் கன மாதிரிச் சொன்னவை. செத்திட்டார் எண்டு அம்மாட்டக் கையெழுத்துக் கேட்டு ஒரு போம் வந்தது. அம்மா வைக்கேல்லை." நீட்டிக்கொண்டிருந்த பைல் ஒன்றை ராக்கைக்குள் தள்ளிவிட்டு, "நான் காணேல்லை" என்றார்.

வரிசைப்படுத்தி வைத்திருந்த ஒன்றையும் நான் சொல்லவில்லை. தேத்தண்ணியில் சீனி கூட. குடித்து முடித்தேன். யன்னலுக்கு வெளியே கடல் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரம் அவர்மேல் இருந்த கோபமும் போகவில்லை. அண்ணாவைக் காணவில்லை என்பதற்காக என் மச்சாள் ஏன் படி ஏற வேண்டும்? இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

பத்துப் பதினைந்து நாளில் மாத்தையா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். மாத்தறைக்கும் அங்கால ஒரு துறைமுகத்தில், பல நாள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கிற நெடுநாள் போட் ஒன்று ஒரு வள்ளத்தின் பாதியை இழுத்துக்கொண்டு வந்து போட்டிருக்கிறதாம். பின்பாதி. நம்பர் எழுதுகிற அணியப் பக்கம் இல்லை. நீல நிறம். நீல நிறத்தில் எத்தனை வள்ளம்.

மிஸ் என்னிடம் திரும்பினார். "பிள்ளை, நாளைக்கு நான் போறன். நீர் வந்தால் நுனி பிடிக்கலாம். வராட்டிலும் குறையில்லை, கல்லு வச்செண்டாலும் அளப்பன்."

போனேன். கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். இரண்டு பேரும் கடல் இல்லாத பக்கமாகப் பார்த்து இருந்தோம். மிஸ்ஸின் மடியில் எங்கள் வள்ளத்தின் பைல். காலி ஸ்டேஷனில் வடை வாங்கினார். நான் ஒன்று சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

துறைமுகத்தின் ஓரத்தில், பழைய வலைகளுக்குப் பக்கத்தில், அது கவிழ்ந்து கிடந்தது. சிப்பி பிடித்திருந்தது. அங்கிருந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து திருப்பிப் போட்டார்கள். ஒருவர் சிங்களத்தில், உங்களுடையது தானே அக்கே என்று என்னிடம் கேட்டார். எனக்கு முன்னால் எஞ்சின் பூட்டுகிற பலகை. பலகையின் இடது பக்கத்தில் ஓர் ஆணி. தேத்தண்ணிப் போத்தலைத் தொங்கவிட ரொசான் அடித்தது. வளைந்து துருப்பிடித்து இருந்தது. எனக்கு அதோடு தெரிந்துவிட்டது. மிஸ்ஸிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் எழுதமாட்டார்.

மிஸ் சேலையைத் தூக்கிச் செருகினார். மணலில் முழங்காலில் இருந்தார். கொண்டை ஊசியைக் கழற்றித் தகட்டின் மேலிருந்த சிப்பியை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். அரை மணித்தியாலம் எடுத்தது. ஒருவரையும் தொட விடவில்லை. பிறகு பேப்பரை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தார். பைலிலிருந்து பழைய பேப்பரை எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எண்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்தன. கால் இல்லாத நாலும்.

"நுனி பிடியும் பிள்ளை."

பிடித்தேன். அகலம் நாலு அடி ஏழரை அங்குலம். நீளத்தில் மிச்சம் இருந்தது ஒன்பது அடி ஏழு அங்குலம். இந்தமுறை நாடா தொய்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவர் ஒரு தடவை அளந்தார், இரண்டாம் தடவை அளந்தார், கொப்பியில் எழுதினார். எழும்பி முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"கண்டன்" என்றார்.

நான் ஏறக்குறைய இரண்டு மாதமாக அந்த ஒரு சொல்லுக்காக அவரோடு சண்டை பிடித்தேன். சொன்னபோது, சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று இருந்தது.

அடுத்த நாள் கடையில் மிஸ் போமை நிரப்பினார். காலையில் தொடங்கி மத்தியானம்வரை எழுதினார். முடித்து என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவையும் மேலே வைத்தார். மூன்றாவது பெட்டியில் அடையாளம் இருந்தது. கடலில் அழிந்தது. கீழே சொந்தக்காரியின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

பேனாவை எடுத்தேன். கோட்டில் வைத்தேன். கை போகவில்லை. மச்சாள் வாசலில் நின்றாள், பிள்ளை அவளின் கையைப் பிடித்துக்கொண்டு மெஷினின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இவர்களுக்காகத்தான் நான் தெருவெல்லாம் கத்தினேன். இப்போது ஒரு கையெழுத்து. வைத்தால் தம்பி போய்விடுவான்.

"நான் காணேல்லை மிஸ்" என்றேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். பாக்கல என்போம். எனக்கு அந்த நேரம் அதுதான் வந்தது.

மிஸ் கோபிக்கவில்லை. "ஓம்" என்றார். "தம்பியை நானும் காணேல்லை. அதாலதான் அவரை எழுதேல்லை. வாசியும்."

வாசித்தேன். குறிப்பு என்ற இடத்தில் அவருடைய வட்டமான எழுத்து. பதினெட்டு அடி நாலு அங்குல வள்ளத்தின் பின்பக்கம் ஒன்பது அடி ஏழு அங்குலம் கண்டேன். அகலம் சரி. தகட்டு எண் சரி. வள்ளம் இனித் தொழிலுக்கு உதவாது. அதற்குக் கீழே, இயக்குபவர்பற்றி எழுத நான் எதையும் பார்க்கவில்லை. அவ்வளவுதான். இறந்தார் என்று இல்லை, போனார் என்றும் இல்லை.

"உது போட்டுக்கு மட்டும் பிள்ளை" என்றார். "மிச்சத்துக்கு ஆரும் போம் கொண்டுவந்தால், அது வேற கையெழுத்து. வைக்கிறதும் விடுறதும் உங்கட பாடு."

வைத்தேன். மச்சாள் போமை வாங்கிக்கொண்டு அன்றைக்கே போனாள். மாத்தையா வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து அவளுடைய பேப்பர்கள் நகர்ந்தன. ஒரு வருஷம் கழித்து அந்த வேறு கையெழுத்தை மச்சாள் தானே வைத்தாள். அம்மா வைக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மிஸ் கனடாவுக்குப் போகுமுன் எல்லாப் பைல்களையும் அந்தந்த ஆட்களிடம் கொடுத்தார். எங்களுடையது என்னிடம் இருக்கிறது, கடையில், மெஷினுக்குக் கீழே. மேலே இருப்பது நீக்கிய போமின் கொப்பி. அதற்கு அடியில் இரண்டு பென்சில் பேப்பர். எல்லாவற்றுக்கும் அடியில் முதல் போம். அதில் இயக்குபவர் என்ற இடத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிய எழுத்தில், ரொசானின் முழுப்பெயர் இருக்கிறது. அதை வெட்டச் சொல்லி எந்தப் போமிலும் பெட்டி இல்லை.